இரண்டு பாதையும் அறுபது சதவீதம்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும், ஏற்காடு மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு மரம் சாய்ந்தது. கோடை மழை, கூடவே நல்ல காற்று. மரம் ரோட்டை மறிக்கவில்லை. ஒரு கிளை மட்டும் கம்பத்தில் போய்க்கொண்டிருந்த எங்கள் இணைய ஃபைபர் கேபிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. சேலம் அஸ்தம்பட்டி பக்கம் இருக்கும் எங்கள் இணைய நிறுவன ஆபீசில் அலாரம் அடித்தது. திரையைப் பார்த்தேன். அடிவாரம் லிங்க் சிவப்பு, குப்பனூர் லிங்க் பச்சை.

பச்சையைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிதான். ஏற்காட்டுக்கு நாங்கள் இரண்டு வழியில் ஃபைபர் கொண்டுபோயிருக்கிறோம். ஒன்று அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகும் வழி, இன்னொன்று குப்பனூர், கொட்டச்சேடு என்று சுற்றிக்கொண்டு மேலே போவது. இரண்டும் ஒண்டிக்கடை பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சின்ன அறையில் போய்ச் சேரும். சுமையைப் பாதிப் பாதியாக இரண்டிலும் ஓட்டுவோம், ஒன்று அறுந்தால் ரௌட்டர் ஒரு விநாடிக்குள் எல்லாவற்றையும் அடுத்ததுக்கு மாற்றிவிடும். அன்றைக்கும் மாற்றியது. எந்தத் தவறும் இல்லாமல், சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்தது.

ஐந்து நிமிடத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு லாட்ஜ் நடத்தும் அக்கா. “தம்பி, கவுண்டர்ல ஆறு பேரு நிக்கிறாங்க, யாருக்கும் பணம் போக மாட்டேங்குதுங்க, சுத்திக்கிட்டே இருக்கு.” லிங்க் பச்சையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே, “ஒரு பத்து நிமிஷம்ங்க அக்கா” என்றேன். அப்புறம் நாகலூரிலிருந்து ஒருவர், ஒரு எஸ்டேட் ஆபீஸ், ஒரு மருந்துக்கடை. ஏற்காட்டிலிருந்து பிங் (பதில் வரும் நேரத்தை அளக்கும் சின்னச் சோதனை) போட்டுப் பார்த்தால் வழக்கமாக 3 மில்லி விநாடியில் வரும் பதில் 900-ஐத் தாண்டி வருகிறது, பாதி வரவே இல்லை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்களைப் போலச் சின்ன ஊர்களில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும்.

கணக்கு இவ்வளவுதான். இரண்டு லிங்க்கும் தலா 1 ஜி, அதாவது விநாடிக்கு 1,000 மெகாபிட் (நாங்கள் எம்பி என்போம்). அந்த நேரத்தில் அடிவாரம் வழியில் 600 எம்பி ஓடிக்கொண்டிருந்தது, குப்பனூர் வழியில் 600 எம்பி. இரண்டு கிராஃபும் அறுபது சதவீதத்தில், பார்க்கவே அழகாக, மேலே நாற்பது சதவீதம் வெள்ளை இடம் விட்டு நின்றன. எண்பது சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வர வேண்டும் என்று நான்தான் அமைத்திருந்தேன். அந்த எண்பது ஒரு நாளும் வரவில்லை, அதனால் நாங்களும் ஒரு நாளும் கவலைப்படவில்லை. ஆனால் 600-ம் 600-ம் சேர்ந்தால் 1,200. அதை 1,000 மட்டுமே போகக்கூடிய குழாயில் தள்ளினோம். இரண்டு வழி இருக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது, இரண்டும் ஐம்பதைத் தாண்டிய நாளிலேயே பொய்யாகிவிட்டது. அந்த நாள் எப்போது வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். அதற்கு ஐந்து மாதம் முன்பு, டிசம்பரில். ஐந்து மாதமாக எங்களிடம் மாற்று வழியே இல்லை, அது தெரியாமலே வேலை பார்த்திருக்கிறோம்.

சுமை ஏன் அவ்வளவு சீக்கிரம் ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஓனர் கேபிள் டிவியிலிருந்து வந்தவர். கேபிளில் ஒரே சிக்னலை மேலே அனுப்பினால் போதும். நூறு வீடு பார்த்தாலும் ஆயிரம் வீடு பார்த்தாலும் மலையேறுவது அதே ஒரு சிக்னல்தான். இணையத்தில் அப்படி இல்லை. முந்நூறு வீட்டில் ஒரே கிரிக்கெட் மேட்சை, ஒரே பந்தை, ஒரே நேரத்தில் பார்த்தாலும், முந்நூறு தனித்தனிப் பிரதிகள் சேலத்திலிருந்து கிளம்பி மலையேறுகின்றன. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள் என்றால், அந்த 5.9 கோடியும் தனித்தனி ஓட்டங்கள். படமோ தொடரோ என்றால் நெட்ஃப்ளிக்ஸும் கூகுளும் தங்கள் சேமிப்புப் பெட்டிகளைப் பெரிய இணைய நிறுவனங்களின் அறையிலேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள், தூரத்துச் சுமை குறைகிறது. ஆனால் அந்தப் பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கடைசி ஐம்பது கிலோமீட்டருக்கு அதனால் ஒரு பிட் கூடக் குறையாது. எங்கள் மலை அந்தக் கடைசி ஐம்பது கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

2020 மார்ச் ஊரடங்குக்கு முன்னால் எங்களுக்கு உச்சம் என்பது இரவு எட்டிலிருந்து பதினொன்று வரைதான். அந்த மார்ச்சில் வீடியோ நிறுவனங்களே இந்தியாவில் மொபைல் படத் தரத்தைக் குறைத்து நெட்வொர்க்குகளுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். தரம் பிறகு திரும்பி வந்தது, ஆனால் பகல் நேரச் சுமை இறங்கவே இல்லை. அப்புறம் ஹோம்ஸ்டேக்கள் வந்தன, அறைக்கு ஒரு ஸ்மார்ட் டிவி, வாசலுக்கு நாலு கேமரா. அந்தக் கேமராக்கள் ராத்திரி முழுக்க மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். காபித் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். ஏற்காட்டில் ரோடு எந்த நாளில் நிரம்புகிறதோ அந்த நாளில்தான் எங்கள் ஃபைபரும் நிரம்பும். பழுது பார்க்க ஆள் மேலே போக முடியாத நாளும் அதே நாள்தான்.

சரி, 1,200-ஐ 1,000-ல் தள்ளினால் எல்லாருக்கும் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். ஓனரும் அதைத்தான் கேட்டார். அப்படி ஆவதில்லை, ஏன் என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம்.

1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்தில் இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரம், விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு இறங்கியது. எண்ணூறில் ஒரு பங்கு. கம்பி அறவில்லை, கருவி கெடவில்லை. அனுப்பக் காத்திருக்கும் வரிசை நிரம்பியதும் பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், இடமில்லாமல் விழுந்தன, விழுந்ததை எல்லாரும் உடனே மறுபடி அனுப்பினார்கள், அதுவும் விழுந்தது, அதையும் மறுபடி அனுப்பினார்கள், கடைசியில் குழாய் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது பழைய பாக்கெட்டுகளின் மறுபிரதிகள்தான். வான் ஜேக்கப்சன் என்பவர் மைக்கேல் காரெல்ஸுடன் சேர்ந்து இதற்கு வழி கண்டுபிடித்து 1988-ல் எழுதினார்: பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசல் என்று எடுத்துக்கொள், வேகத்தைப் பாதியாக்கு, அப்புறம் மெல்ல மெல்ல ஏற்று. இன்றைக்கு நம் கையில் இருக்கும் ஒவ்வொரு போனும் இந்தக் கருத்தின் ஏதோ ஒரு வடிவத்தைப் பின்பற்றுவதால்தான் இணையம் தினமும் சாயங்காலம் படுத்துவிடாமல் இருக்கிறது.

ஆனால் அந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பாக்கெட் விழுந்தால்தான் அனுப்புகிறவனுக்கு நெரிசல் தெரியும். நினைவகம் மலிவானதும் ரௌட்டர் செய்கிறவர்கள் பெரிய பெரிய வரிசைகளை வைத்தார்கள், விழ வேண்டிய பாக்கெட் விழாமல் வரிசையிலேயே ஒரு விநாடி நிற்கிறது, அனுப்புகிறவன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் தள்ளுகிறான். எங்கள் சேலம் ரௌட்டரில் குப்பனூர் லிங்க்குக்கு முன்னால் அன்றைக்கு நடந்தது இதுதான். பெரிய வீடியோக்கள் வரிசையை நிரப்பிக்கொண்டு நின்றன, லாட்ஜ் அக்காவின் கவுண்டரில் நின்ற பத்தாயிரம் ரூபாய்க்கான நாலே நாலு சின்னப் பாக்கெட் அதே வரிசையின் கடைசியில் நின்று, பணம் கட்டும் செயலியின் பொறுமை தீர்ந்த பிறகு போய்ச் சேர்ந்தது.

இதற்கும் மருந்து அதே ஜேக்கப்சனிடமிருந்துதான் வந்தது. கேத்லீன் நிக்கோல்ஸுடன் சேர்ந்து 2012-ல் கோடெல் என்ற முறையைக் கொடுத்தார். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார், தொடர்ந்து அதிக நேரம் நின்றால் ஒன்றைக் கீழே போடு. அதோடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை சேர்த்தால், சின்ன ஓட்டங்கள் பெரிய வீடியோவுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் ரௌட்டரில் இந்த வசதி இருந்தது, யாரும் போடவில்லை. அன்று ஆறே காலுக்கு லிங்க்கை 950 எம்பிக்கு நானே கட்டுப்படுத்தி, வரிசை சேலத்திலேயே என் கண்முன் நிற்கும்படி செய்து, கோடெலை ஓட விட்டேன். பிங் 20-க்கு இறங்கியது. வீடியோக்களின் தரம் ஒரு படி குறைந்திருக்கும், ஆனால் பணம் போனது, போன் பேச முடிந்தது. அக்கா கூப்பிட்டு, “சரியாயிடுச்சுங்க தம்பி, லைன் மாத்துனீங்களா?” என்றார். லைனில் ஒன்றையும் மாற்றவில்லை, வரிசையை மட்டும்தான் மாற்றினேன். முன்பே போட்டு வைத்திருக்க வேண்டியதை அன்றைக்குப் போட்டேன்.

இதற்குள் அறுந்த ஃபைபரை ஒட்டும் எங்கள் ஸ்ப்ளைசிங் அண்ணன் இரண்டு பசங்களுடன் ஜீப்பில் கிளம்பிவிட்டார். ஞாயிறு சாயங்காலம், மலையிலிருந்து மொத்தக் கூட்டமும் இறங்குகிறது, அடிவாரத்திலிருந்து ஒன்பதாவது வளைவுக்குப் போக அவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஃபைபருக்குள் ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் ஓடிடிஆர் கருவி அறுந்த இடத்தை 17.8 கிலோமீட்டர் என்று காட்டியது, ஆனால் அது ஃபைபரின் நீளம், ரோட்டின் நீளம் இல்லை. எந்தக் கம்பத்தில் எத்தனை மீட்டர் சுருட்டி வைத்திருக்கிறோம் என்பதைக் கழித்தால்தான் இடம் கிடைக்கும். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, அண்ணன் மனசில் இருக்கிறது. (அதை இப்போது ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறோம், கம்பம் கம்பமாக.) 24 கோர் (கண்ணாடி இழை) கேபிள், நடுவில் ஒரு துண்டு சேர்த்ததால் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும், மொத்தம் 48 ஒட்டு, மழையில், தார்ப்பாய்க்குக் கீழே, டார்ச் வெளிச்சத்தில். ஓடுகிற கோர்களை முதலில் ஒட்டினார். பத்தே முக்காலுக்கு அடிவாரம் லிங்க் பச்சையானது. மீதியை முடித்துவிட்டு அவர் வீடு போகும்போது மணி இரண்டு.

மறுநாள் ஓனருடன் உட்கார்ந்தோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி: “ரெண்டு வழிக்கும் காசு கட்டறேன். ரெண்டையும் பாதிக்கு மேல ஓட்டாதேன்னா, பாதிக் காசு வீணா?” நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ராத்திரி முழுக்கத் தூங்காத ஸ்ப்ளைசிங் அண்ணன்தான் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: “ஸ்டெப்னி டயரையும் எடுத்து வண்டியில மாட்டி ஓட்டிக்கிட்டு, ஸ்டெப்னி இருக்குன்னு சொன்னா எப்படிண்ணா?” அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் முழுக்க நான் பழைய கிராஃப்களைத் தோண்டினேன், அதில் இன்னொன்று கிடைத்தது. அந்த அறுபது சதவீதமே சரியான எண் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவியைக் கேட்டு, நடுவில் போனதையெல்லாம் 300 விநாடிக்குச் சராசரி போட்டுக் கோடு வரைவது, 1995-ல் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய எம்ஆர்டிஜி என்ற கிராஃப் மென்பொருள் காலத்திலிருந்து எங்கள் தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆனால் வீடியோ சீராக ஓடுவதில்லை. சில விநாடிக் காட்சியை ஒரு கட்டாக, கிடைத்த முழு வேகத்தில் இழுத்துக்கொள்ளும், அப்புறம் சும்மா இருக்கும், மறுபடி இழுக்கும். பல வீடுகள் ஒரே நொடியில் இழுத்தால் அந்த நொடியில் லிங்க் நூறு சதவீதம், அடுத்த நொடி முப்பது. சராசரி அறுபது. விநாடிக்கு விநாடி அளந்து பார்த்தேன், மரம் விழாத சாதாரண சனிக்கிழமை ராத்திரியிலேயே லிங்க் அடிக்கடி உச்சியைத் தொட்டது. நெட்வொர்க் ஸ்விட்ச்சில் பாக்கெட் விழுந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அந்த எண்ணை நாங்கள் கிராஃபில் போடவே இல்லை.

பழைய ஸ்விட்ச் ஒன்றில், எவ்வளவு தகவல் போனது என்று எண்ணும் 32 பிட் எண்ணியை வைத்து அளந்துகொண்டிருந்தோம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 1 ஜி வேகத்தில் அந்த எண்ணி 34 விநாடியில் நிரம்பிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் வருவது எதுவும் எண்ணே இல்லை. 64 பிட் எண்ணிக்கு மாற்ற ஐந்து நிமிட வேலை. உங்களிடம் பழைய கருவி இருந்தால் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஜூலையில் இரண்டு வழியையும் 10 ஜிக்கு ஏற்றினோம். ஃபைபர் அதேதான், இரண்டு முனையிலும் ஃபைபரில் ஒளியை அனுப்பும் மாட்யூலும் மேலே ஸ்விட்ச்சும் மாறின: அடிவாரம் வழிக்கு 40 கிலோமீட்டர் மாட்யூல், சுற்றிப் போகும் குப்பனூர் வழிக்கு 80 கிலோமீட்டர் மாட்யூல். சில மாதம் நிம்மதி. அப்புறம் ஆயுத பூஜை விடுமுறையில் மறுபடி அதே லாட்ஜிலிருந்து போன், இந்த முறை புது மாதிரி: “சில பக்கம் திறக்குது, சில பக்கம் திறக்கல.” லிங்க் காலியாகக் கிடக்கிறது. நெரிசல் வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தது.

இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகள் உலக இருப்பில் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன, நம் ஆசிய பசிபிக் பகுதியில் அதே ஏப்ரலில் ரேஷன் ஆரம்பித்தது. எங்களைப் போன்றவர்கள் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத்தான் காலம் தள்ளுகிறோம். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் (திறக்கும் ஒவ்வொரு தொடர்புக்கும் ஒதுக்கும் எண்), வாடிக்கையாளருக்கு 1,024 வீதம் பிரித்தால் அறுபத்துச் சொச்சம் பேர். ஒரு வீட்டுக்கு அது தாராளம். 35 அறை லாட்ஜில், அறைக்கு மூன்று போனும் ஒரு டிவியும் அந்த ஒரே இணைப்பில் தொங்கினால் 1,024 சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும், அதற்கு மேல் கேட்பவருக்குப் பக்கம் திறக்காது. கூடுதலாகப் போர்ட் கொடுத்தது அன்றைய வைத்தியம். உண்மையான தீர்வு, முகவரிகள் தாராளமாக இருக்கும் புது முறையான ஐபிவி6. கூகுள், யூடியூப், ஃபேஸ்புக், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் அதில் நேராகப் போய்விடும், இந்தப் பங்கு போடும் பெட்டியைத் தொடவே தொடாது. 2016-ல் ஜியோ வந்ததிலிருந்து நம் ஊர் போன்கள் ஐபிவி6-க்குத் தயாராகவே இருக்கின்றன. தயாராக இல்லாமல் இருந்தது எங்கள் வாடிக்கையாளர்களின் வீட்டு ரௌட்டர்கள்தான், பெரும்பாலும் ஒரே ஒரு அமைப்பு அணைந்து கிடந்தது. நவம்பர் முழுக்கப் பசங்கள் வீடு வீடாகப் போய் அதைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

இன்னொன்று, இது சுமையைப் பற்றியது இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் காணாமல் போனதே, அப்போது அவர்கள் தங்கள் கருவிகளைச் சரிசெய்யப் போக வேண்டிய பாதையும் அதே விழுந்த நெட்வொர்க் வழியாகத்தான் இருந்தது. அதைப் படித்துவிட்டும் நான் ஒன்றும் செய்யவில்லை. மாட்யூல் மாற்றிய வாரத்தில் ஒரு ராத்திரி நான் தட்டிய ஒரு வரியில் மேலே இருக்கும் ஸ்விட்ச் எனக்கே எட்டாமல் போனது, ஒரு மணிக்குப் பனிமூட்டத்தில், பதினாறாவது வளைவில் காட்டெருமை ஒன்று ரோட்டை விட்டு நகரும் வரை விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்து, மேலே போய் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு வந்தேன். இப்போது ஒண்டிக்கடை அறையில் தனி சிம் போட்ட ஒரு மோடம் இருக்கிறது, எங்கள் ஃபைபர் இரண்டும் போனாலும் அதன் வழியாக உள்ளே போகலாம். பக்கத்திலேயே ஒரு உபரி ஸ்விட்ச், நாலு மாட்யூல், ஒரு ஒட்டும் கருவி. மே மாதத்தில் அவற்றை யாரும் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

எச்சரிக்கை எண்ணையும் மாற்றிவிட்டேன். தனி லிங்க்குக்கு எண்பது என்று எங்குமே இல்லை. ஜோடியாக ஓடும் லிங்க்குகளை ஒரே கிராஃபில் அடுக்கி, ஒற்றை லிங்க்கின் அளவில் ஒரு சிவப்புக் கோடு, அடுக்கு அந்தக் கோட்டில் எண்பதைத் தொட்டால் செய்தி வரும். மலையில் இப்போது கவலை இல்லை. சேலத்திலிருந்து வெளியே போகும் இரண்டு 10 ஜி லிங்க்குகள், ஒன்று சென்னைக்கு, ஒன்று பெங்களூருக்கு, அவைதான் இப்போது ஏறிக்கொண்டிருக்கின்றன.

நேற்று ராத்திரி எட்டே முக்காலுக்கு ஓனர் ஆபீசுக்கு வந்தார், என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். சென்னை 43, பெங்களூர் 44. நான் எதுவும் சொல்லவில்லை. அவரே கூட்டிப் பார்த்துவிட்டு, “எண்பத்தேழு” என்றார்.